பத்து கிராம் ஈயம்

கை விடுபட்டுவிட்டது, காலை ஆறு மணிக்கே விடுபட்டுவிட்டது, இப்போதைக்கு அதை மட்டும் நினைத்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரியின் இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் சுகந்தா கதவைப் பாதி திறந்து, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஊசியை எடுத்துட்டாங்க, கட்டையும் எடுத்துட்டாங்க, ரெண்டு கையையும் ஆட்டுறா" என்றாள். பன்னிரண்டு நாளாக அவளுடைய குறைமாதக் குழந்தையின் இடது கையை அசைய விடாமல் ஒரு சின்னக் கட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள், மருந்து இறங்கும் ஊசி நழுவாமல் இருக்க. தூக்கிப் போட இருந்த அந்தக் கட்டையை சுகந்தா கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "வெச்சிருங்கப்பா, அவ முதன்முதலா பிடிச்சிட்டிருந்த சாமான்" என்றாள். வாங்கினேன், பிளாஸ்க் இருக்கும் ஒயர் கூடைக்குள் வைத்தேன், வைத்த பிறகு கை தானாகவே சொன்னது, முப்பத்தைந்து கிராம். முப்பது வருடப் பழக்கம். கை எடை பார்ப்பவன் தூக்கும்போது சொல்லமாட்டான், இறக்கி வைத்த பிறகு கையில் மிஞ்சுகிற வெறுமையை வைத்துத்தான் சொல்வான், எங்கள் தொழிலில் அது வழக்கம். மணி பத்தாகப் போகிறது. பத்து மணிக்கு எடை போடுவார்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை ஏறினால் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவோம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள், இறங்கினால் மத்தியானம் ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர், அத்தனை கொண்டை ஊசி வளைவும் அம்மா இல்லாமல், ஏனென்றால் சுகந்தாவால் இன்னும் ஒரு வாரத்துக்கு வண்டியில் போக முடியாது. முந்தாநாள் ஏறியது. நேற்று ஏறியது, ஆயிரத்து ஐந்நூற்று எழுபது. இன்று மூன்றாம் நாள்.

உள்ளே மெஷின் கீச்சென்றது. அது பூஜ்யத்துக்கு வருகிற சத்தம், யார் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் தொட்டில் ஆரம்பித்துவிட்டார்கள், எங்களுடையது ஐந்தாவது. கதவுக்கு இந்தப் பக்கம் செருப்பு வரிசை, தரை கழுவிய டெட்டால் வாசனை, ஜன்னலுக்கு வெளியே உதகையின் பனி, ஒரு யூகலிப்டஸ் மரத்தின் பாதி. இந்தக் கீச்சுச் சத்தத்தை நான் முதலில் இந்த மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் தராசு ரிப்பேர் கடையில் மெக்கானிக், ஆறாம் வகுப்புப் படிப்பு, முதலாளி பெயரில் லைசென்ஸ். எலக்ட்ரானிக் தராசு அப்போதுதான் வந்திருந்தது. கடையில் வைத்து நானே அளவு சரிபார்த்த ஒன்றை, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, இங்கே மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியில் இறக்கினேன். அவர்களுடைய இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தேன். பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. மறுபடி வைத்தேன். அதேதான். பத்து கிராம் குறைகிறது. மெஷின் புதுசு, நான் பார்த்த மெஷின், அது எப்படித் தப்பாகும், இரும்புதான் தேய்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் இருக்கும், அரசாங்க முத்திரை அந்த ஈயத்தின் மேல்தான். முத்திரைக்கு மேலே மிச்சமிருந்த பள்ளத்தில் ஒரு துண்டு ஈயத்தை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினேன். கொஞ்சம் சுரண்டினேன், வைத்தேன், சுரண்டினேன், வைத்தேன். இருபது கிலோ. பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். பச்சையாக எரிந்த அந்த எழுத்தைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. நல்ல கல்லைக் கெடுத்துவிட்டு, வரவேண்டிய எண் வந்துவிட்டதென்று பீடி பற்ற வைக்க வெளியே போனவன் நான்.

"மெக்கானிக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" அப்படித்தான் கூப்பிட்டாள், இலை எடை போடும் கொட்டகையின் கிளார்க், பெயர் தவமணி. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த தோட்டக் குடும்பம், அங்கே அறிவியல் படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் கிளம்பியவள். மூலையில் கிடந்த பழைய தட்டுத் தராசைத் துடைத்து வைத்திருந்தாள். ஒரு தட்டில் நான் ஈயம் அடித்த கல், மறு தட்டில் ஃபாக்டரியின் இன்னொரு இருபது கிலோ கல். என் கல் இருந்த பக்கம் நிதானமாகக் கீழே இறங்கியது. "இப்ப யாரு பொய் சொல்றா?" என்றாள். "இரும்பு தேயலைங்க. நீங்கதான் மேல வந்துட்டீங்க. ஏழாயிரம் அடிக்கு மேல வந்தா பூமி கொஞ்சம் கம்மியாத்தான் இழுக்கும். உங்க மெஷினு பாக்குறது அந்த இழுப்பை. இந்தக் கிழட்டுத் தராசு இழுப்பைப் பாக்காது, ரெண்டு தட்டுக்கும் ஒரே இழுப்புதானே, கழிஞ்சு போயிடும், சாமான் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாக்கும்." ஒரு இலைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். பொருளில் உள்ள சரக்கின் அளவு, அது எங்கே போனாலும் மாறாது, நிலாவுக்குப் போனாலும் மாறாது. பூமி அதை இழுக்கிற விசை எடை, அது இடத்துக்கு இடம் மாறும். மாறாத அதை இங்கே புத்தகத்தில் நிறை என்கிறார்கள், அவள் படித்த ஊரில் திணிவு. எனக்கு அவள் சொல்தான் ஒட்டிக்கொண்டது. மெஷினை இங்கே, இந்த மலையிலேயே, நல்ல கல்லை வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, கல்லைத் தொட்டிருக்கவே கூடாது. முத்திரைக் கல்லில் கை வைத்தது தெரிந்தால் முதலாளி லைசென்ஸ் போகும், என் பிழைப்பும் போகும். அவள் மானேஜர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள தோண்டி எடுத்துடுங்க" என்றாள். உளியால் நெம்பினேன், ஈயத் துண்டு முழுசாக வந்தது, அதன் அடியில் முத்திரை திருப்பிப் பதிந்திருந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோல. கீழே இருந்த அசல் முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துண்டை அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சாட்சிக்கு" என்றாள். பிறகு முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தாள், ஊசி நூல் டப்பாவில் அந்தச் சாட்சியும் குடித்தனம் செய்தது. நான் சத்தம் போடுகிற நாளில் டப்பாவைத் திறந்து எடுத்து மேசை மேல் வைப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். பழைய பேப்பர் கடையில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் வாங்கி வந்து என்னைப் படிக்க வைத்தாள். எடையின் அலகு நியூட்டன் என்று படித்த அன்று, "அரை நியூட்டன் கடுகு குடுங்கன்னு கேட்டா செட்டியார் அடிக்க வருவாரு" என்று நான் சொன்னதற்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவாவது நான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு என்றுதான் தெரியவில்லை. அந்தப் பத்து கிராமுக்கே சொல்லிவிடலாம்.

"அண்ணே, உங்களுது எத்தனாவது?" பக்கத்து நாற்காலியில் மாதேஷ். காரட் கழுவும் மெஷினில் வேலை, கை இரண்டும் ஊறி வெளுத்திருக்கும், அவனுக்கு உள்ளே இரட்டைப் பையன்கள். "அஞ்சாவதுப்பா." "நம்மளுது ரெண்டும் மூணும். சின்னவன் நேத்து பத்து கிராம் கூடியிருக்கான், பெரியவன் அப்படியே நிக்குறான், அவங்கம்மா வீட்டு ஜாதி, சோம்பேறி." சிரித்தான், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மெஷின் கீச்சென்றது. இரண்டாவது. நான் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அவனுக்குக் கொடுத்தேன். ஆவி முகத்தில் பட்டதும் ஏனோ வீட்டுக் குளியலறை, வெந்நீர், தவமணியின் முதுகு. கடைசி ஆறு மாதம் நான்தான் குளிப்பாட்டினேன். கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பேன், வைத்ததும் என் கை சொல்லும், நாற்பத்தொரு கிலோ, அடுத்த மாதம் முப்பத்தெட்டு, கடைசியில் முப்பத்துநாலரை. வாயைத் திறந்து சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். "என்ன மெக்கானிக், மெஷின் என்ன சொல்லுது?" என்பாள். "மலை மேல இருக்கோம்ல, கம்மியாத்தான் காட்டும்" என்றேன் ஒரு நாள். அவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டே, "இது எடை இல்லைங்க, திணிவே போகுது, சும்மா ஈயம் அடிக்காதீங்க" என்றாள். போனது. அது போய் நாலு வருடம். ஆனால் அவளைத் தூக்கும் வேலை எனக்குக் கிடைத்தது, வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கு மட்டும் கிடைத்தது. எத்தனையோ பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறார்கள், தூக்க ஒரு நாள்கூடக் கொடுக்காமல். எனக்கு ஆறு மாதம் கொடுத்தாள்.

கீச். மூன்று. கீச். நாலு. குழந்தை கையை ஆட்டுகிறாள், இரண்டு கையையும் ஆட்டுகிறாள், ஆட்டினால் குடித்த பாலெல்லாம் அதிலேயே எரிந்துபோகுமோ, சுகந்தா பிறந்தபோது மூன்று கிலோ, கோயம்புத்தூர் என்றால் ஆம்புலன்ஸில் யார் போவது, நான்தான், பெட்டி குலுங்குமோ, கீழே இறங்க இறங்க எல்லாருக்கும் எடை கூடும், குழந்தைக்கு முக்கால் கிராமோ ஒரு கிராமோ கூடும், அது அவளுக்கு ஒரு பால் துளிகூட ஆகாது. கீச். ஐந்து. இந்தக் கீச்சுக்குப் பிறகு ஒரு அமைதி. அமைதி ஏன் இவ்வளவு நீளம்? கதவு திறந்து ஜெசிந்தா சிஸ்டர் வந்தாள், இன்று காலைதான் டியூட்டி மாறி வந்தவள், கையில் தாள். "சுகந்தா பேபிக்கு யாரு?" எழுந்தேன். "ஆயிரத்து ஐநூத்து அறுபதுங்க ஐயா. பத்து கிராம் இறங்கியிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லணும். வண்டிக்குச் சொல்லுவாங்கன்னு நினைக்கிறேன், துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்குங்க." பத்து கிராம். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மறுபடியும் அதே பத்து கிராம்.

மெஷின் தப்பு. முதலில் வந்தது அதுதான், நெஞ்சிலிருந்து நேராக வந்தது, மெஷின் தப்பு. முப்பது வருடம் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். எடை குறைந்தவன் எவனும் என் சரக்கு குறைவு என்று சொன்னதில்லை, உங்க தராசு தப்பு என்றுதான் சொல்வான், நான் எடைக்கல்லை வைத்துக் காட்டி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, மனசுக்குள் இளக்காரமாகச் சிரிப்பேன். இப்போது என் வாயில் அதே வாக்கியம். "சிஸ்டர், மெஷினை இன்னிக்கு நகர்த்தினீங்களா? தரை கழுவியிருக்காங்களே." "நகர்த்தினாங்க." "ஓரத்துல ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், அதுக்குள்ள குமிழி இருக்கும். குமிழி நடுவுல நிக்குதான்னு பாக்கணும். சாய்ஞ்சிருந்தா இழுப்பு நேரா விழாது, கம்மியாக் காட்டும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் உள்ளே போனாள், நல்ல பெண். திரும்பி வந்தாள். "நடுவுலதாங்க நிக்குது. நீங்க சொன்னீங்கன்னு ரெண்டாவது தடவையும் போட்டேன், துணியைக் கழிச்சுத்தான் போட்டேன். அறுபதுதான் வருது." மெஷின் நேர்மையாக இருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் இறங்கித்தான் இருக்கிறது, அவளிடமிருந்து பத்து கிராம் போயிருக்கிறது, எடை இல்லை, அவளே போயிருக்கிறாள், திணிவே போகுது, தவமணி, நீ என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னது.

மாதேஷ் டீ மூடியைத் துடைத்து என் கையில் வைத்தான். "விடுங்கண்ணே. பத்து கிராமெல்லாம் ஒரு இறக்கமா? எங்க காரட்டை சாக்கோட எடை போட்டா ஒண்ணு வரும், கொட்டிட்டுப் போட்டா ஒண்ணு வரும். நேத்து சாக்கோட போட்டிருப்பாங்க, இன்னிக்கு சாக்கை உருவிட்டாங்க, அவ்வளவுதான்." "துணியைக் கழிச்சுத்தாம்ப்பா போடுறாங்க" என்றேன். என்றேன், சொன்ன வாய் மூடவில்லை, என் மடியில் ஒயர் கூடை இருந்தது. துணியைக் கழித்தார்கள். கட்டையை? நேற்று கட்டை அவள் கையோடு இருந்தது. முந்தாநாளும் இருந்தது. பன்னிரண்டு நாளும் இருந்தது. இன்று காலை ஆறு மணிக்கு எடுத்தார்கள், எடுத்தது முந்தின டியூட்டி சிஸ்டர், எடை போட்டது இந்த சிஸ்டர். முப்பத்தைந்து கிராம் என்று கை சொன்னதே. அப்படியானால் இவள் இறங்கவில்லை, இருபத்தைந்து ஏறியிருக்கிறாள். எழுந்திருக்கப் போனவன் பாதியில் நின்றேன். நில், பொன்னுரங்கம். வர வேண்டிய எண் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு அதற்குத் தோதாக எதையாவது தேடுகிறாயே, இதைத்தானே அன்றைக்கும் செய்தாய்? முப்பத்தைந்து என்று கை சொன்னதா, இல்லை இப்போது நீ சொல்ல வைக்கிறாயா? ஈயம் அடிக்கிறாயா? அவள் உண்மையிலேயே இறங்கியிருந்து, உன் பேச்சைக் கேட்டு இங்கேயே வைத்துக்கொண்டு, பிறகு ஏதாவது ஆனால்? கோயம்புத்தூரில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். பேசாமல் உட்கார். துணிமணியை எடுத்து வை. ஆனால் உட்கார முடியவில்லை, ஏனென்றால் கொட்டகையில் அந்தப் பழைய தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு தவமணி நிற்கிறாள், மானேஜர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு. அவள் என்னிடம் ஒரு எண்ணும் சொல்லவில்லை அன்றைக்கு. இரண்டு கல்லையும் இரண்டு தட்டில் வைத்தாள். பார்க்க விட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

கதவைத் தட்டினேன். ஜெசிந்தா சிஸ்டரும் அவளுக்குப் பின்னால் டாக்டரம்மாவும். கைக்குட்டையோடு நீட்டினேன். "அம்மா, இது குழந்தை கையில இருந்த கட்டை. இன்னிக்குக் காலையிலதான் எடுத்தாங்க. நேத்து வரைக்கும் இதோடதான் எடை போட்டிருக்காங்க. இது எத்தனை இருக்கும்னு நான் சொல்லமாட்டேன், நீங்களே மெஷின்ல போட்டுப் பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி." டாக்டரம்மா கட்டையைப் பார்த்தார்கள், சிஸ்டரைப் பார்த்தார்கள். "கட்டு எடுத்ததைத் தாளில் எழுதலையா?" "அவங்க எழுதலை மேடம், நானும் கேக்கலை" என்று சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதவு மூடியது. கதவின் நடுவில் ஒரு சதுரக் கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்தால் சிஸ்டரின் முதுகு மட்டும். கீச். என் பின்னால் மாதேஷின் மூச்சு. சட்டைப் பையில் கை போனது, அங்கே அந்த ஈயத் துண்டு இருக்கிறது, நாலு வருடமாக இருக்கிறது, திருப்பிப் பதிந்த முத்திரையை விரல் தடவியது. சிஸ்டர் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கையில் மூன்று விரல் காட்டினாள். பிறகு ஐந்து.

நன்றி என்று சொன்னேனா, தெரியவில்லை, கண்ணாடியில் என் மூச்சு படிந்து எதுவும் தெரியாமல் போயிற்று. அந்த சிஸ்டருக்கு, விடியற்காலையில் ஊசியை எடுத்தும் எழுத மறந்த சிஸ்டருக்கு, தூக்கிப் போட வேண்டியதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் புத்தியைத் தன் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்ட சுகந்தாவுக்கு, சாக்கை நினைவுபடுத்திய இவனுக்கு. டாக்டரம்மா வெளியே வந்து, "இருபத்தஞ்சு கிராம் ஏறியிருக்கு தாத்தா, வண்டி வேண்டாம்" என்றார்கள், பிறகு, "கை கழுவிட்டு வாங்க, அம்மாவை உட்கார வைக்கிற வரைக்கும் நீங்க பிடிங்க" என்றார்கள். கழுவினேன். தண்ணீர் ஐஸ். இரண்டு தடவை கழுவினேன். வாசலில் நிற்க வைத்து, துணியில் சுற்றி, சிஸ்டர் என் இரண்டு கைக்குள் வைத்தாள். ஏழாயிரம் அடி உயரத்தில் பூமி எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தது, இழுக்கட்டும், அது இழுப்பதால்தானே இவள் என் கையில் அழுந்துகிறாள், அழுந்துவதால்தானே இருக்கிறாள் என்று தெரிகிறது. துணியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது, கட்டின் பிளாஸ்டர் ஒட்டியிருந்த சிவந்த கோட்டோடு, காற்றில் எதையோ பிடித்தது, விட்டது. உள்ளே சுகந்தா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து கைகளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை இருக்கும்ணே? மெஷின் கிடக்கட்டும், உங்க கை எடை சொல்லுங்க" என்றான் மாதேஷ், கதவுக்கு வெளியே இருந்து.

"இறக்கி வெச்சாத்தாம்ப்பா தெரியும்" என்றேன். இறக்கி வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.